காலி டேங்குக்கு ஒரு கையெழுத்து

தொழிற்சாலையில் என் அத்தானுக்குக் ‘கையெழுத்து’ என்று பெயர். கையெழுத்து வந்தாச்சா, கையெழுத்து மேலே இருக்காரா என்றுதான் கேட்பார்கள். வடிவமைப்புப் பிரிவின் தலைவராகப் பதினொரு வருடம் இருந்தவர் சொந்தமாக வடிவமைத்தது தன் கையெழுத்து ஒன்றைத்தான். ஆரம்பத்தில் ஒரு பெரிய சுழி, நடுவில் மலைத்தொடர், முடிவில் தாளின் ஓரம்வரை ஓடும் கோடு, கோட்டின் கீழே இரண்டு புள்ளி. புள்ளி எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். அதில் ஒரு பேலன்ஸ் இருக்கிறது என்றார்.

அவர் என் அக்காவின் கணவர். நான் அதே தொழிற்சாலையில் அதிர்வு அளப்பவள். இயந்திரம், குழாய், மேடை, எது எவ்வளவு நடுங்குகிறது என்று பார்த்து எழுதுவது என் வேலை. எழுத்துத் தேர்வில் முதலாவதாக வந்துதான் சேர்ந்தேன். ஆனால் வேலை வாங்கிக் கொடுத்தது தான்தான் என்று அத்தான் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். என்னிடமே சொல்லியிருந்தார். அலுவலகத்தில் அவரை சார் என்று கூப்பிட வேண்டும், வீட்டில் அத்தான். இரண்டு இடத்திலும் அவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பதில் மட்டும் மாற்றமில்லை.

நாங்கள் தயாரிப்பது பழச்சாறு. அதற்குச் சர்க்கரைப் பாகு வேண்டும். பாகைச் சேர்த்து வைக்கப் போன வருடம் இரண்டு டேங்குகள் எழுந்தன. இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒரே அச்சு. ஒன்பது மீட்டர் உயரம், நான்கு மீட்டர் குறுக்களவு, துருப்பிடிக்காத எஃகு. தூரத்திலிருந்து பார்த்தால் மிரட்டும். பக்கத்தில் போய் விரலால் சுண்டினால் மிரட்டல் போய்விடும். தகட்டின் கனம் ஐந்தே மில்லிமீட்டர். அடியில் பாகைச் சுற்றிவிட ஒரு பம்ப். பம்பிலிருந்து மேலே போகும் குழாயை, டேங்கின் உடம்பிலேயே ஒரு தாங்கி வைத்து வெல்டிங் செய்திருந்தார்கள். பம்ப் நொடிக்கு இருபத்துநான்கு தடவை சுற்றும். அந்த ஆட்டம் குழாய் வழியாகத் தாங்கிக்கு வரும், தாங்கியிலிருந்து தகட்டுக்கு வரும்.

எந்தப் பொருளுக்கும் தானாக ஆட ஒரு வேகம் உண்டு. தட்டிவிட்டால் அந்த வேகத்தில்தான் ஆடும். வெளியிலிருந்து அதே வேகத்தில் விடாமல் ஆட்டினால் ஆட்டம் ஏறிக்கொண்டே போகும். ஆகவே டேங்கின் வேகமும் பம்பின் வேகமும் ஒன்றாகிவிடக் கூடாது. இது அத்தானுக்கும் தெரியும். அவருக்குத் தெரிந்தது அத்தோடு சரி.

சோதனைக்கு அவரே நேரில் வந்தார், புது ஹெல்மெட்டோடு. அதிர்வு உணரியை டேங்கில் ஒட்ட அவருடைய ஆட்கள் காந்தம் கொண்டுவந்திருந்தார்கள். அந்த ரக எஃகில் காந்தம் பிடிக்காது. வைத்தார்கள், விழுந்தது. மறுபடி வைத்தார்கள், மறுபடி விழுந்தது. மூன்றாவது தடவை அத்தான் தன் கையாலேயே வைத்தார். விழுந்ததைக் குனிந்து எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மட்டமான சரக்கு என்றார். நான் பையிலிருந்து கொஞ்சம் தேன்மெழுகை எடுத்து உருட்டி உணரியை ஒட்டினேன். ரப்பர் சுத்தியலால் தட்டினோம். காலி டேங்க் நொடிக்கு முப்பத்தெட்டு தடவை ஆடியது. பம்ப் இருபத்துநான்கு. நடுவில் எவ்வளவு இடைவெளி என்று அத்தான் இரண்டு கைகளையும் அகட்டி எல்லாருக்கும் காட்டினார். அறிக்கை தயாரானது, கையெழுத்து விழுந்தது.

அன்று மதியக் கூட்டத்தில் நான் ஒன்றே ஒன்று கேட்டேன். டேங்கை எப்போதும் காலியாகத்தான் வைத்திருக்கப் போகிறோமா?

முதலில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி சிரித்தார். வழக்கமாக அத்தான் சிரித்த பிறகுதான் சிரிப்பார், அன்று அவசரத்தில் முந்திக்கொண்டார். பிறகு அத்தான் விளக்கினார். காலியாக இருப்பதுதான் ஆடும், உள்ளே கனம் ஏறினால் அடங்கி நிற்கும், பாகு தண்ணீரைவிடக் கனம், எனவே இன்னும் அடங்கி நிற்கும். ஆதாரமாகக் குடத்தைப் பற்றிய அந்தப் பழமொழியைச் சொன்னார். பதினைந்து பேர் உட்கார்ந்திருந்த அறையில், ஒன்பது மீட்டர் டேங்குக்கு ஆதாரம் ஒரு குடம். பதினான்கு பேர் தலையாட்டினார்கள். டைரக்டர் நோட்டில் குறித்துக்கொண்டார்.

உண்மை இதற்கு நேர்மாறு. மெல்லிய தகடு உள்ளும் வெளியுமாக ஆடும்போது அதை ஒட்டியிருக்கும் பாகும் கூடவே நகர்ந்தாக வேண்டும். ஒரு சதுர மீட்டர் தகடு நாற்பது கிலோ. அது இழுத்துக்கொண்டு ஆட வேண்டிய பாகு நானூறு கிலோ. பாகு தகட்டுக்கு விறைப்பு எதையும் கொடுப்பதில்லை, சுமையை மட்டும் கொடுக்கிறது. சுமை ஏற ஏற ஆடும் வேகம் குறையும். முப்பத்தெட்டிலிருந்து முப்பது, முப்பதிலிருந்து இருபத்தைந்து என்று இறங்கி, எங்கேயோ ஒரு மட்டத்தில் பம்பின் இருபத்துநான்கைத் தொட்டே தீரும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐந்தரை மீட்டர்.

இதை ஒரே பக்கத்தில் எழுதி, வரைபடம் சேர்த்து அத்தானுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தது. சிவப்பு மையில் இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தியிருந்தார். அதில் ஒன்று பிழையே இல்லை. அடியில் ‘இதை வீட்டில் பேசிக்கொள்ளலாம்’ என்று எழுதி, சுழி, மலைத்தொடர், இரண்டு புள்ளி. ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பிடும்போது பேச்சை எடுத்தேன். ஆபீஸ் விஷயத்தை வீட்டுக்குள் கொண்டுவரும் பழக்கம் தனக்குக் கிடையாது என்றார்.

தொடக்க விழாவன்று முதல் டேங்கில் பாகு ஏறியது. ஐந்து மீட்டரைத் தாண்டியதும் டேங்க் முனக ஆரம்பித்தது. பெரிய உடம்புக்காரர் ஒருவர் வாயைத் திறக்காமல் வலி பொறுப்பது மாதிரி ஒரு சத்தம். காலடித் தரையிலும் தெரிந்தது. டைரக்டர் அது என்ன என்று கேட்டார்.

“பாகு செட்டில் ஆகுது சார்,” என்றார் அத்தான்.

எங்கே போய் செட்டில் ஆகிறது என்று யாரும் கேட்கவில்லை. மட்டம் ஆறரையைத் தாண்டியதும் சத்தம் நின்றது, எல்லாரும் கை தட்டினார்கள். அத்தான் கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்து ஒரு பார்வை பார்த்தார். கணக்குப் பாடத்தில் தோற்றவன், கணக்கே வேண்டாம் என்று பள்ளிக்கூடம் அறிவித்துவிட்டால் அப்படித்தான் பார்ப்பான்.

ஒரு மாதம் டேங்க் நிறைவதும் வடிவதுமாக ஓடியது. பிறகு வெயில் காலம் வந்து பழச்சாறு விற்பனை ஏறியது. பாகு வருவதும் போவதும் சமமாகி, மட்டம் ஐந்தரைக்குப் பக்கத்திலேயே நாள்கணக்கில் நின்றது. டேங்கைப் பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டரைக் கொட்டாவி என்று கூப்பிடுவோம். மனிதர் எதைப் பற்றியும் புகார் சொல்வார், சொல்லி முடிப்பதற்குள் கொட்டாவி விடுவார். ஒரு திங்கட்கிழமை அவர் என்னிடம் வந்து, மேடையில் வைக்கிற டீ டம்ளர் தானாக நடந்துபோய் விழுகிறது என்றார். பார்க்கிறேன் என்றேன். பார்க்கவில்லை. முந்தின வாரம்தான் மேடையில் இருக்கும் குழல் விளக்கு வேண்டுமென்றே தன்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறது என்று புகார் சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமைதான் போனேன். அத்தானை இவ்வளவு பேசுகிற நான் இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். நொடிக்கு இருபத்துநான்கு என்றால் ஒரு நாளைக்கு இருபது லட்சம் தடவை. நான்கு நாளில் எண்பது லட்சம் தடவை அந்தத் தகடு வளைந்து நிமிர்ந்திருக்கிறது. அந்த நான்கு நாளும் கேன்டீனில் டம்ளர் நடந்த கதையைச் சொல்லி நானும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

உணரியை ஒட்டிய உடனேயே தெரிந்துவிட்டது. பம்பை நிறுத்தச் சொன்னேன். நிறுத்த வேண்டுமானால் அத்தானின் கையெழுத்து வேண்டும் என்றார் ஷிஃப்ட் பொறுப்பாளர். அத்தான் கூட்டத்தில் இருந்தார். மூன்று மாடி ஏறிப் போய்க் கதவைத் தட்டினேன். கதவைப் பாதி திறந்து, பாதி முகத்தைக் காட்டினார்.

“டேங்க் கொஞ்சம் சத்தம் போட்டா பிளான்ட்டையே நிறுத்திடறதா? போய் உன் வேலையப் பாரும்மா.”

என் வேலையே அதுதான் என்று சொல்வதற்குள் கதவு மூடிவிட்டது.

பதினொன்றே காலுக்குத் தாங்கியின் ஓரத்தில் தகடு கிழிந்தது. முதலில் நூல் மாதிரி ஒழுகியது. பிறகு ஒரு முழ நீளத்துக்கு வாய் திறந்தது. பாகு தண்ணீர் மாதிரிப் பாய்வதில்லை. யாரையும் அவசரப்படுத்தாமல், போகிற இடம் தெரிந்த மாதிரி நிதானமாக வந்தது. எல்லாரும் நடந்தே தப்பித்தார்கள், ஒருவருக்கும் அடிபடவில்லை. டைரக்டர் மட்டும் பொறுப்பை உணர்ந்து நடுவில் போய் நின்று பார்வையிட்டார். திரும்பும்போது அவர் வந்தார், ஷூக்கள் வரவில்லை.

அத்தான் கிழிசலை இருபது அடி தள்ளி நின்று பார்த்தார். அங்கிருந்தே தீர்ப்பும் சொல்லிவிட்டார். வெல்டிங் கோளாறு.

அந்தத் தாங்கியை ஒட்டிய வெல்டருக்கு ஐம்பது வயது இருக்கும். தொழிற்சாலையில் எல்லாருக்கும் அவர் அண்ணன். விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று மதியமே அவர் கையில் கடிதம் கொடுத்துவிட்டார்கள். வெளி கேட்டில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தவரிடம் போய், கிழிசலைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். உள்ளே விடவில்லை என்றார். குரலில் கோபம் இல்லை. கோபப்படும் அளவுக்கு அவர்களை மதிக்கவில்லை என்று தோன்றியது.

“ஒட்டு விட்டிருந்தா என் தப்பு. ஒட்டு நின்னு, தகடு கிழிஞ்சிருந்தா என் தப்பு இல்ல. அத மட்டும் பாத்துச் சொல்லும்மா.”

போய்ப் பார்த்தேன். ஒட்டு முழுசாக இருந்தது. அதன் விளிம்பை ஒட்டித் தகடுதான் கிழிந்திருந்தது. திரும்பி வந்து சொன்னேன். தலையை மட்டும் அசைத்துவிட்டு சைக்கிளில் ஏறிப் போனார்.

விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம் அக்கா என் அறைக்கு வந்தாள். ஒரு சலவைக் கடைக்கு மேலே இருக்கிறது என் அறை, கீழேயிருந்து இஸ்திரிச் சூடு தரை வழியாக ஏறிக்கொண்டே இருக்கும். கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“நாளைக்கு அளந்தத மட்டும் சொல்லு,” என்றாள். “முன்னாடியே எழுதிக் குடுத்தேன், அவரு திருப்பி அனுப்பிச்சாருங்கறத சொல்லாத.”

அப்படிச் செய்தால் பழி வெல்டர் தலையில் விழும் என்றேன். அத்தானுக்கு அடிப்படையே தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை என்று ஆரம்பித்தேன். அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள்.

“அவருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நீ எனக்குச் சொல்லித் தரணுமா? பதினெட்டு வருஷமா அது அவருக்கே தெரியாம பாத்துக்கிட்டு இருக்கேன். என் வேலையே அதான். நீ ஒரு நாள்ல கலைச்சுட்டுப் போயிடுவ.”

“அந்த அண்ணனுக்கும் வீட்ல ஆளுங்க இருக்காங்கக்கா.”

“இருப்பாங்க,” என்றாள். எழுந்து போனாள். அன்று எனக்கு அத்தான் மேல் இருந்ததைவிட அவள் மேல்தான் கோபம் அதிகம். அத்தானுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

விசாரணைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அம்மாள் வந்திருந்தார். குறைவாகப் பேசுகிறவர். நான் வாயால் விளக்கப் போவதில்லை, இரண்டாவது டேங்கில் தண்ணீர் நிரப்ப அனுமதி வேண்டும் என்று கேட்டேன். கொடுத்தார். அரை மீட்டர் ஏற்றுவோம், நிறுத்துவோம், தட்டுவோம், அளவைப் படிப்பேன். கொட்டாவி பலகையில் எழுதினார். காலியாக முப்பத்தெட்டு. மூன்று மீட்டரில் முப்பத்தைந்து. நான்கில் முப்பத்திரண்டு. ஐந்தில் இருபத்தெட்டு. தண்ணீர் பாகைவிட லேசு என்பதால் ஆறு மீட்டர் வரை ஏற வேண்டியிருந்தது. ஆறில் இருபத்துநான்கு. அங்கே நிறுத்தி, பம்பை ஓட விட்டோம்.

டேங்க் முனகியது. உணரியைச் சுற்றிலும் நகர்த்தி, ஆட்டமே இல்லாத இடங்களில் சாக்பீஸால் கோடு போட்டேன். பன்னிரண்டு கோடு விழுந்தது. கோடுகளுக்கு நடுவே ஆறு இடத்தில் தகடு வெளியே வரும்போது ஆறு இடத்தில் உள்ளே போகும், அடுத்த கணம் மாறிக்கொள்ளும். அந்த அம்மாள் உள்ளங்கையைத் தகட்டில் வைத்தபடி டேங்கை முழுசாக ஒரு சுற்று வந்தார். கோட்டில் அமைதி, கோட்டைத் தாண்டினால் கை மரத்துப்போகும் நடுக்கம். பம்பை நிறுத்தச் சொன்னார்.

“இத யாராவது முன்னாடியே சொன்னாங்களா?”

அத்தான் திருப்பி அனுப்பிய அந்த ஒரு பக்கத்தை எடுத்துக் கொடுத்தேன். அவர் வரைபடத்தைப் பார்த்தார், ஐந்தரை மீட்டரைப் பார்த்தார், கீழே எழுதியிருந்ததைப் படித்தார். சிவப்பு மையில் ஒரு விரலை வைத்தார்.

“இந்த ரெண்டாவது, பிழையே இல்லையே,” என்றார்.

அத்தான் தொண்டையைச் செருமினார். “எனக்கும் இதுல ஆரம்பத்துலேந்தே ஒரு சந்தேகம் இருந்துச்சு மேடம். அதனாலதான் வெளியில பரவ வேணாம்னு திருப்பி அனுப்பினேன்.”

நான் அவரைப் பார்த்தேன். அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் கொடுமை. சொல்லி முடிப்பதற்குள் அதை அவரே நம்பிவிட்டார்.

முடிவுகள் வந்தன. டேங்குகளுக்குச் சுற்றிலும் எஃகு வளையங்கள் போட்டார்கள். குழாய்த் தாங்கியைத் தகட்டிலிருந்து எடுத்துத் தனித் தூணில் வைத்தார்கள். வெல்டர் அண்ணனை மறுபடி வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள், ‘இனிமேல் கவனமாக இருக்கும்படி எச்சரித்து’. அவர் அந்தக் கடிதத்தை நிர்வாக அலுவலகத்துக்கு எடுத்துப்போய், அந்த ஒரு வரியை எடுத்துவிடும்படி கேட்டார். படிவத்திலேயே அச்சாகி இருக்கிறது, எடுக்க முடியாது என்றார்கள். மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டார். இப்போது ஒரு கப்பல் பட்டறையில் இருக்கிறார். அங்கே பாதிப் பேர் அவரிடம்தான் சந்தேகம் கேட்கிறார்களாம்.

அத்தானுக்குப் பதவி உயர்வு. வடிவமைப்பில் வைத்திருக்க முடியாத ஆளை வேறென்ன செய்வார்கள், எல்லாத் தொழிற்சாலைகளுக்கும் பாதுகாப்பு ஆலோசகர் ஆக்கிவிட்டார்கள். ஊர் ஊராகப் போய் ‘டேங்குக்குள் ஒளிந்திருக்கும் ஆபத்து’ என்று பேசினார். திரையில் என் வரைபடம். கோட்டின் நிறத்தை மட்டும் நீலத்திலிருந்து சிவப்பாக மாற்றியிருந்தார். நான் ஒரு தடவை கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். பிரமாதமாகப் பேசினார். நடுவில் ஒருவர் எழுந்து, தகடு ஏன் பூ மாதிரி ஆறு இதழாக ஆடுகிறது, ஏன் இரண்டாகவோ இருபதாகவோ ஆடவில்லை என்று கேட்டார். அருமையான கேள்வி என்று சொல்லி அத்தான் தேநீர் இடைவேளை விட்டார்.

அக்கா மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போன் வந்தது. வா என்று மட்டும் சொன்னாள். போனேன். சாப்பாட்டு மேசையில் ஒரு நோட்டும் பென்சிலும் இருந்தன. அடுத்த வாரம் இன்னொரு ஊரில் பேச்சு, அந்த ஆறு இதழ்க் கேள்வி திரும்ப வரும் என்று அத்தானுக்குப் பயம், என்னிடம் கேட்க அவருக்குக் கௌரவக் குறைச்சல் என்றாள். எழுதிக் கொடுக்கிறேன் என்றேன்.

“எழுதிக் குடுத்தா அப்படியே படிப்பாரு. அடுத்த கேள்வியில மாட்டிப்பாரு. எனக்குப் புரிய வை. நான் அவருக்குப் புரிய வைக்கிறேன்.”

எரிச்சலாக இருந்தது. அந்த மனிதருக்காக இன்னும் எத்தனை பேர் உழைக்க வேண்டும்? ஆனாலும் ஒரு காகிதத்தைக் குழாயாகச் சுருட்டிக் காட்டினேன். இதழ்கள் குறைவாக இருந்தால் தகடு ரப்பர் மாதிரி நீள இழுபட வேண்டும், இழுபடுவது கஷ்டம். இதழ்கள் அதிகமானால் சின்னச் சின்னதாக மடங்க வேண்டும், அதுவும் கஷ்டம்.

அக்கா காகிதக் குழாயை வாங்கி அமுக்கிப் பார்த்தாள். “அப்போ ரெண்டு கஷ்டத்தையும் கூட்டினா எங்க கம்மியோ, அங்க நிக்குது. இந்த டேங்குக்கு அது ஆறு. வேற டேங்குன்னா வேற.”

நான் அவளைப் பார்த்தேன். கல்லூரியில் இரண்டு வருடம் கணிதம் படித்தவள் அவள். மூன்றாவது வருடம் தேவையில்லை என்று கல்யாணம் பேசும்போது அத்தான் வீட்டார் சொல்லிவிட்டார்கள். பாகின் சுமையைச் சொன்னேன், அதையும் வாங்கிக்கொண்டாள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பதினொரு வருடம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு ஆளுக்கு ஏறாதது, சாப்பாட்டு மேசையில், அடுப்பில் ஒரு கண் வைத்துக்கொண்டிருந்தவளுக்கு ஏறியது. இதை அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். அவள் நோட்டிலிருந்து நிமிரவில்லை.

“டேங்க்ல பாகு நிக்குது. குழாய்ல ஓடிக்கிட்டே இருக்கே. ஓடும்போதும் இதே கணக்குதானா?”

இல்லை என்றேன். ஓட்டம் கூடக் கூட, குழாய் இன்னும் தளர்ந்துபோகும், ஒரு வேகத்துக்கு மேல் தானாகவே நெளிய ஆரம்பித்துவிடும்.

“ஏன்?”

முன்னறையிலிருந்து அத்தான் தன் மூக்குக்கண்ணாடி எங்கே என்று கேட்டார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை, சத்தமாகக் கேட்டார். அக்கா நோட்டில் புதுப் பக்கத்தைத் திருப்பி, பென்சிலை என் பக்கம் நகர்த்தினாள்.